அளவு சொல்லிக் கேட்ட துஆ

ஷமீமாவிடம் அளவு சொல்லாமல் ஆர்டர் கொடுக்க முடியாது. தாராவியில் தோல் ஜாக்கெட் தைக்கிற பட்டறைகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஆளைப் பார்த்த மாத்திரத்திலேயே நெஞ்சு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்குத்தான் வாய்த்திருந்தது. புருஷன் கரீம் பாட்சா மவுத்தாகி அடக்கம் முடிந்தபோது, மெஷினை விற்றுவிட்டு இவள் சொந்த ஊர் கடையநல்லூருக்கு ரயில் ஏறிவிடுவாள் என்று சந்தே பேசிக்கொண்டது. அவளா ஏறுவாள்? மறுமாதமே கத்தரியைக் கையில் எடுத்துவிட்டாள். "மீடியம் சைஸ் போடுங்க" என்று எவனாவது வியாபாரி சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"மீடியம்னு ஒருத்தனும் உம்மா வயித்துலருந்து பொறக்கல வே. அளவச் சொல்லும், இல்லன்னா ஆளக் கூட்டிட்டு வாரும்" என்பாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கொண்டுபோய் ஒரு இக்கட்டில் நிறுத்தியது.

அவளுக்கு ஒரே மகன், பைசான். போன மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, ஆனால் போகும்போது இருதயத்தைப் பாழாக்கிவிட்டுப் போனது. பந்து போட்டால் மைதானமே அதிர்கிற பையன், இப்போது பட்டறைக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு போட்ட அறையில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். மருந்தெல்லாம் இனி ஒப்புக்குத்தான், வேறு இருதயம் வைத்தால் பிழைப்பான் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாயிற்று. டாக்டர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். ஒரே ரத்த வகையாக இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரே உடம்பு வாகாக இருக்க வேண்டும், எடுத்த இருதயம் சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஆகவே கிட்டத்திலேயே கிடைத்தால் நல்லது.

இருதயம் என்ன ஜாக்கெட்டா, ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க? ஒருவன் போனால்தான் இன்னொருவனுக்கு வரும். ஷமீமாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்த ஒன்றை நினைக்காமலே இருந்துவிடுகிற சாமர்த்தியம் மனிதப் பிறவிக்கு உண்டு. பெற்றவளுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பெரிய காரியம் ஆக வேண்டுமென்றால் பெண்கள் கூடி நாரியா ஓதுவது அவர்கள் வழக்கம். வெள்ளைத் துணி விரித்து, நடுவில் புளியங்கொட்டையைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து நபியை வாழ்த்தும் அந்த ஸலவாத்தை ஓத ஓத, ஒவ்வொரு கொட்டையாக மறுபக்கம் தள்ளுவார்கள். என்ன தேவைக்காக ஓதுகிறோம் என்கிற நிய்யத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவில் கையேந்தி அதையே துஆவாகக் கேட்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டுப் பட்டறையிலேயே துணி விரித்தார்கள். கூடிய பெண்கள் குறைவு, கொட்டைக் குவியலோ பெரிது. பாதியை இன்றைக்கும் மீதியைச் சனிக்கிழமையும் ஓதிக்கொள்ளலாம் என்று நஜ்முன்னிசா முடிவு சொன்னாள். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் ஓதினாலும் தலைமை அவள்தான், முடிவும் அவளுடையதுதான்.

"நிய்யத்தச் சொல்லுளா" என்றாள் நஜ்முன்னிசா.

ஷமீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "யா அல்லா, எம் மவன் பைசானுக்கு ஒரு இருதயம் வேணும். ஆம்பளப் பிள்ளையா இருக்கணும். ஓ பாசிட்டிவ் ரத்தம். வயசு இருவத்தஞ்சுக்குள்ள. நெஞ்சு முப்பத்தெட்டு, ஒசரம் அஞ்சடி எட்டு. குடி, சிகரெட் ஆவாது. இந்த பம்பாய்க்குள்ளயே கெடைக்கணும். சீக்கிரம் கெடைக்கணும்."

முக்காட்டுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நஜ்முன்னிசா முறைத்தாள். "அழுத பிள்ளதான் பால் குடிக்கும். அவ கேக்கட்டும், ஒங்களுக்கென்ன?"

ஓதினார்கள். கொட்டைகள் நகர்ந்தன. அன்றைய பங்கு முடிந்ததும் நஜ்முன்னிசா கையேந்தி, ஷமீமா சொன்னதை ஒன்றுவிடாமல் திருப்பிக் கேட்டாள். ரத்த வகையைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் ஆமீன் சொன்னார்கள். கடைசி ஆமீனில் ஒரு குரல் கூடுதலாக இருந்தது. ஆண் குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் திரைக்கு வெளியே ஒரு நிழல் நின்றது.

"சாரி ஆன்ட்டி" என்றது நிழல். "எல்லாரும் சொன்னேளா, நானும் சேர்ந்து சொல்லிட்டேன். பிரேயர்னா கூடச் சொன்னா நல்லதும்பா எங்காத்துல."

மாட்டுங்காவிலிருந்து வந்த பையன். பெயர் அஷ்வத். பைக்கில் கோவா போகிறானாம், ஜாக்கெட் வாங்க மெயின் ரோட்டுக் கடைக்கு வந்தானாம். "மேப் என்னடான்னா இந்தச் சந்துக்குள்ள கொண்டு வந்து விட்டுடுத்து. உங்க வாசல்ல வந்து, யூ ஹேவ் அரைவ்டுங்கறது" என்று சிரித்தான். பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நஜ்முன்னிசா மட்டும் போகிற போக்கில் அவனை உச்சி முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ஷமீமா அவனை அளந்துவிட்டிருந்தாள். கண் தானாகச் செய்கிற வேலை அது. நெஞ்சு முப்பத்தெட்டு, உயரம் அஞ்சடி எட்டு. அவன் கக்கத்தில் இடுக்கியிருந்த ஹெல்மெட்டின் பின்புறம், பைக் ஓட்டுகிற பிள்ளைகள் விபத்துக்கென்று முன்ஜாக்கிரதையாக ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் இருந்தது. ஓ பாசிட்டிவ்.

அவள் அதை மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

"அந்த பிளாக் கலர் நன்னா இருக்கே" என்றான் அவன். ஆணியில் தொங்கியது பைசானின் ஜாக்கெட். காய்ச்சலுக்கு முன்னால் மகன் அளவுக்கு அவளே வெட்டித் தைத்தது. இப்போது போட்டால் அவன் அதற்குள் தொலைந்துபோவான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் அஷ்வத் அதை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுவிட்டான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கை மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றது.

வழக்கம்போல் தையலைச் சரிபார்க்க அவள் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். தோலுக்கு அடியில் இருதயம் அடித்தது. என்ன அடி! ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு களைப்பு இல்லை. அவள் கையை எடுக்கவில்லை. பயம் வரவில்லை அவளுக்கு. அதுதான் பயங்கரம். வந்தது சந்தோஷம். சந்தையில் தேடிய சரக்கு கடைசியில் கைக்குக் கிடைத்தவளின் சந்தோஷம்.

"டைட்டா இருக்கா ஆன்ட்டி?" என்றான் அஷ்வத்.

அவள் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

தோளுக்கும் முழங்கைக்கும் உள்ளே பேட் வைத்துத் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்புகிறேன், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நம்பர் கொடுத்தான். "ஜாக்கெட் இல்லாம வண்டியத் தொடப்படாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிண்டுட்டா. தெனம் கோவில்ல என் பேருக்கு அர்ச்சனை வேற. நேக்கு ஒண்ணும் ஆகப்படாதாம்" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் மறைந்தான். இன்னொருத்தியும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதே பையனுக்காக, இவள் கேட்டதற்கு நேர் எதிராக. ஒரே வாசலில் இரண்டு தாய்மார் கையேந்தி நின்றால் உள்ளே இருப்பவன் யாருக்கென்று போடுவான்? ஷமீமா அந்த நினைப்பை அப்படியே அமுக்கினாள். கத்தரியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கஞ்சி ஊட்டும்போது பைசான் சொன்னான். "உம்மா, நேத்து தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சு. ஜாக்கெட்டுக்கு ஆர்டர் குடுக்க மாரில்லா துஆ கேட்டிய."

"கேக்கதத் தெளிவாக் கேக்கணும்லா."

"அந்த அளவுல எத்தன பேரு இருக்கான் இந்த பம்பாய்ல? அவனுவளுக்கெல்லாம் உம்மா இருக்கும்லா?"

"கஞ்சியக் குடி."

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான். "நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம் கேக்குது உம்மா. பைக்க ஸ்டார்ட் பண்ணுத சத்தம். கண்ண மூடுனா நான் வண்டியில போறேன். எனக்குத்தான் வண்டியே ஓட்டத் தெரியாதே. டேங்க் மேல ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர், தும்பிக்க கிழிஞ்சுபோய் இருக்கு. திரும்புத எடத்துல வெள்ளையா ஏதோ வருது. அப்புறம் முழிச்சுருதேன்."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. அஷ்வத் பேசியது தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும், ஆனால் வண்டியின் டேங்க்கைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சந்துக்குள் பைக் நுழையாது, அதை வெளியே எங்கோ நிறுத்திவிட்டுத்தான் அவன் நடந்து வந்திருந்தான். அவளே அந்த வண்டியைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் நஜ்முன்னிசாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். நஜ்முன்னிசா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் நேத்தே பாத்தேன்" என்றாள் கடைசியில். "எனக்கும் ஒடம்பு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா ஒண்ணு சொல்லுதேன் ஷமீமா. மவுத்துங்கது படச்சவன் எழுதுனபடிதான். நம்ம துஆவுக்காக ஒருத்தன் செத்தான்னு உண்டா? கேக்கது நம்ம வேல, எடுக்கது குடுக்கது அவன் வேல. பாதியில விட்டா ஒம் பிள்ளைக்கு ஆவாது. நாளைக்கு வாரோம்."

"அப்ப அந்தப் பையன் வாசல்ல வந்து ஏன் ராத்தா ஆமீன் சொன்னான்?"

நஜ்முன்னிசா இன்னொரு வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் பேட் வைத்துத் தைத்ததைப்போல் ஆயுசில் எதற்கும் தைத்ததில்லை. கேட்டது தோளுக்கும் முழங்கைக்கும் மட்டும். முதுகுக்கு வைத்தாள், நெஞ்சுக்கும் வைத்தாள். ஒவ்வொரு ஊசி ஏறும்போதும் மனசு இரண்டாகப் பேசியது. இவ்வளவு கெட்டியாகத் தைக்கிறாயே, அப்புறம் உன் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்றது ஒன்று. வாயை மூடு என்று அழுதது இன்னொன்று. பாவம், அழுகிற மனசுக்கு மற்றதை முழுசாக அடக்கவும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அஷ்வத் வந்தான். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, புல்லட்ப்ரூஃப் மாதிரின்னா இருக்கு!" என்று குதித்தான். அவள் கூடவே சந்து முனை வரை நடந்தாள். அங்கே பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் அவன் பைக் நின்றது. டேங்க் மேல் பிள்ளையார். தும்பிக்கை கிழிந்திருந்தது.

"போகாதலே மக்கா" என்று வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்லுவாள்? நீ சாக வேண்டுமென்று நாங்கள் பாதி ஓதி வைத்திருக்கிறோம், மீதியை இன்றைக்கு ஓதப்போகிறோம், நீயும் ஆமீன் சொல்லியிருக்கிறாய் என்றா? "மெல்லப் போ" என்றாள். "திருப்பத்துல மெல்லப் போ. வெள்ளையா எது வந்தாலும் ஒதுங்கிரு." அவன் அவளை வினோதமாகப் பார்த்தான், தலையாட்டினான், போய்விட்டான்.

திரும்பி வந்தபோது பெண்கள் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மீதிக் கொட்டை நடுவில் குவிந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பைசான் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். முந்தின நாளைவிட அது மோசமாகக் கேட்டது.

"நிய்யத்தச் சொல்லு" என்றாள் நஜ்முன்னிசா.

ஷமீமா வாயைத் திறந்தாள். மகனுடைய மூச்சு தடுப்பைத் தாண்டி வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தது. அவனுக்காகக் கேட்காமல் இருப்பதா? அப்படியும் ஒரு தாய் உண்டா?

"கறுப்பு ஜாக்கெட் போட்டுட்டுப் போயிருக்க பிள்ள" என்றாள், "முழுசா அவுக உம்மாகிட்ட திரும்பி வரணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பைசானுக்கு?" என்றாள் நஜ்முன்னிசா. குரலில் கோபம் இருந்தது. "பாதி ஒரு நிய்யத்துல ஓதிட்டு மீதிய இன்னொண்ணுல ஓதுனா அது என்ன ஓதல்?"

"அவனுக்கு என்ன குடுக்கணும்னு படச்சவனுக்குத் தெரியாதா ராத்தா? நான் என்னமோ அவனுக்குத் தொழில் தெரியாத மாரி, டேப்பு வச்சு அளவு சொன்னேன். கேக்கலாம்னு கேட்டேன். ஆனா நான் கேட்டது ஒரு ஆளு. இன்னொருத்தி வீட்டு ஆளு." அவளுக்கு அழுகை வெடித்தது. "ஓதுங்க. தப்புன்னா பாவம் எனக்கு."

நஜ்முன்னிசா பெருமூச்சு விட்டுக் கொட்டையில் கை வைத்தாள். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தம் பிள்ள தானே வளரும்பாக. அதயும்தான் பாப்போம்" என்று முணுமுணுத்துவிட்டு ஓத ஆரம்பித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூச்சுக்கு மூச்சு நின்று நின்று, பைசானும் கூட ஓதினான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"இருதயம் ஒண்ணு இருக்கு. உடனே பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றது ஒரு பெண் குரல். "ஓ பாசிட்டிவ். ஆண். உங்க பையன் வயசு, உங்க பையன் உடம்பு வாகு. மும்பைக்குள்ளயேதான், அதனால பிரச்சினை இல்ல."

அவள் சொன்ன ஆர்டரை யாரோ அவளுக்கே திருப்பி வாசித்துக் காட்டுவதுபோல் இருந்தது. "யாரு? பேரென்ன? பைக்குல போன பையனா?" என்று கத்தினாள். பெயரைச் சொல்லக் கூடாது, அது விதி என்றார்கள்.

அஷ்வத்தின் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பைசானைக் கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றினாள், மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. சயான் சிக்னலில் வண்டி நின்றபோது மகன் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. இவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனுக்காக அழுகிறோமே என்று அவளுக்கே புரியவில்லை. யா அல்லா, அவனா? அவனாக இருந்தால் நான் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவேன்?

போன் அடித்தது.

"ஆன்ட்டி!" அஷ்வத். பின்னால் லாரிகளின் சத்தம். "இப்பத்தான் உங்க மிஸ்டு கால் பார்த்தேன். நானே பண்ணணும்னு இருந்தேன். மலைப்பாதைல ஒரு திருப்பத்துல வெள்ளைக் கார் ஒண்ணு ராங் சைடுல வந்துடுத்து. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உருண்டேன். ஜாக்கெட் முதுகு பூரா கிழிஞ்சுடுத்து. நேக்கு ஒரு கீறல் இல்ல ஆன்ட்டி! இங்க தாபாவில எல்லாரும் அதிசயமாப் பாக்கறா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று விம்மினாள். டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். தாய் மனசு குளிர்ந்து, அந்தப் பிள்ளையை வாயார வாழ்த்தி, போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அஷ்வத் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருப்பது யார்?

நேற்று அவள் ஆளைத்தான் விலக்கினாள். அளவை விலக்கவில்லை. முகம் பார்த்த பிள்ளைக்காகத் துடித்த மனசு, முகம் பார்க்காத பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே நெஞ்சு, அதே ரத்தம், அதே வயசு. எந்தச் சந்திலோ, எந்தக் கட்டடத்திலோ இருந்தவன். கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவன் யாரிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னானோ.

ஆஸ்பத்திரியில், போனில் பேசிய பெண் அதிகாரி அவள் பேனாவையே தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். "அந்தப் பையன் போயாச்சு அம்மா. நீங்க வேண்டாம்னாலும் திரும்ப வர மாட்டான். அவங்க அம்மாதான் குடுக்கச் சொன்னாங்க. இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது." யாரும் கேட்காமல் அந்தத் தாய் தானாகக் கொடுத்திருக்கிறாள். ஷமீமா கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கையேந்தினாள். கேட்கத் தெரியாதவள் அல்ல அவள். ஆனால் அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஏந்திய கை ஏந்தியபடி இருக்க, பெயர் தெரியாத அந்தப் பொம்பளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பதுபோல் வெறுமே இருந்தாள். அது துஆவா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆயுசில் அவள் கேட்ட துஆக்களிலேயே எதையும் தா என்று சொல்லாதது அது ஒன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் கழித்து, தொண்டைக் குழாயை எடுத்த பிறகு, மாஸ்க் மாட்டிவிட்டு அவளை உள்ளே விட்டார்கள். பைசான் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு தடுமாறாமல் ஏறி இறங்கியது. அவள் குனிந்து அவன் பெயரைச் சொன்னாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். தெரிந்த முகத்தைப் பார்க்கிற பார்வை அல்ல அது. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளை ஆளைத் தேடுவதுபோல் கண் அலைந்தது.

"ஆயி" என்றான்.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் மராட்டிக்காரி. சட்டென்று திரும்பினாள். "ஆயின்னு கூப்பிடறான்? நீங்க மராட்டியா?" என்று ஹிந்தியில் கேட்டாள். ஷமீமா இல்லையென்று தலையாட்டினாள். பிறந்ததிலிருந்து அவன் வாயில் உம்மாதான். மராட்டியில் அவனுக்குத் திட்டத் தெரியும், பஸ்ஸுக்கு வழி கேட்கத் தெரியும். அம்மாவை அந்தச் சொல்லால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஆயி, குட்டே ஆஹேஸ்?" என்றான் மறுபடி. எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்டான். குரல் பைசானுடையதாகத்தான் இருந்தது. பயம் இன்னொருவனுடையது.

அவளுக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது. கட்டிலை விட்டு ஓரடி பின்னால்கூட நகர்ந்துவிட்டாள். இந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் இந்த நகரத்தில் எந்த வீட்டிலோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளால் வர முடியாது. அவளுக்கு இந்தக் குரல் கேட்கவும் போவதில்லை. அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

ஷமீமா கட்டிலருகே வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டாள். சரக்கு வாங்கி விற்கக் கற்றுக்கொண்ட மராட்டிதான் அவளிடம் இருந்தது. அதில் இதற்கான சொற்களைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆலே ரே பாளா" என்றாள். "வந்துட்டேன். நான் இங்கதான் இருக்கேன்."